அப்பா ஏ பாசிட்டிவ், அம்மா பி பாசிட்டிவ், எனக்கு ஓ நெகட்டிவ். இது நடக்குமா?

கீற்று:
வணக்கம். வேலையில் சேர மருத்துவச் சான்று கேட்டார்கள், ரத்த வகையும் பார்த்தார்கள். ஓ நெகட்டிவ் என்று வந்திருக்கிறது. அப்பா ஏ பாசிட்டிவ், அம்மா பி பாசிட்டிவ், அண்ணன் ஏபி பாசிட்டிவ். எனக்குத் தெரிந்து வீட்டில் யாருக்கும் ஓவும் கிடையாது, நெகட்டிவும் கிடையாது. இல்லாத இரண்டும் சேர்ந்து எனக்கு மட்டும் எப்படி வரும்? பரிசோதனையில் தப்பு நடந்திருக்குமா? வீட்டில் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் என் சித்தி ஒருவரே போதும், கதை கட்டிவிடுவார்.

குருதிக்கூடம்:
ரத்த வங்கியில் வேலை பார்க்கிறேன். உங்கள் முடிவு சரியாகவே இருக்கலாம், இதில் விதிக்குப் புறம்பாக ஒன்றும் இல்லை. வாரத்துக்கு ஒருவராவது இதே கேள்வியோடு எங்கள் கவுன்டருக்கு வருகிறார்கள்.

ரிப்போர்ட்டில் இருப்பது வெளியே தெரியும் வகை மட்டும்தான். உள்ளே ஒவ்வொருவரிடமும் அந்த வகையைத் தீர்மானிக்கும் மரபணுவின் இரண்டு பிரதிகள் இருக்கின்றன, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. ஏ பக்கத்தில் ஓ இருந்தால் சோதனையில் ஏ மட்டுமே தெரியும், பி பக்கத்தில் ஓ இருந்தாலும் அப்படித்தான். ஏயும் பியும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று மறைக்காது, இரண்டும் தெரியும், அதுதான் உங்கள் அண்ணன். ஓ என்று தெரிய வேண்டுமானால் இரண்டு பிரதியும் ஓவாக இருக்க வேண்டும்.

அதனால் உங்கள் ரிப்போர்ட் உங்களைப் பற்றிச் சொல்வதைவிட உங்கள் பெற்றோரைப் பற்றி அதிகம் சொல்கிறது. அப்பா ஏ-ஓ, அம்மா பி-ஓ. அவர்கள் ரிப்போர்ட்டை எத்தனை முறை பார்த்தாலும் இது தெரிந்திருக்காது. இப்படிப்பட்ட தம்பதிக்கு ஏ, பி, ஏபி, ஓ என்று நான்கும் பிறக்கலாம், ஒவ்வொன்றுக்கும் நாலில் ஒரு வாய்ப்பு.

பாசிட்டிவ், நெகட்டிவ் என்பது வேறு கணக்கு. ஏபிஓ மரபணு 9ஆம் குரோமோசோமில் இருக்கிறது, ஆர்எச் மரபணு 1ஆம் குரோமோசோமில். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் தனித்தனியாக இறங்குகின்றன. அங்கேயும் இரண்டு பிரதிகள்தான். ஒன்றில் டி என்ற வடிவம் இருந்தாலே பாசிட்டிவ். உங்கள் பெற்றோர் இருவரிடமும் ஒரு பிரதியில் டி இல்லை, அந்த இரண்டும் உங்களுக்கு வந்துவிட்டன. நாலில் ஒன்று, அதற்குள் நாலில் ஒன்று, ஆக 16இல் ஒரு வாய்ப்பு. அபூர்வம் என்றுகூடச் சொல்ல முடியாது.

கீற்று:
மிக்க நன்றி சார். ஆனால் தாத்தா பாட்டி நாலு பேரிலும் ஓ இல்லை என்கிறார்களே?

குருதிக்கூடம்:
நாலு பேரையும் நிஜமாகவே பரிசோதித்தார்களா, அல்லது "இல்லை என்று நினைக்கிறோம்" என்பதா? எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. அப்பாவின் ஓ, ஏ-ஓ ஆன ஒரு தாத்தாவிடமிருந்து வந்திருக்கலாம், அம்மாவின் ஓ, பி-ஓ ஆன ஒரு பாட்டியிடமிருந்து. ஓ எத்தனை தலைமுறை வேண்டுமானாலும் பின்னால் நின்றபடியே வரும். இன்னொரு ஓவைச் சந்திக்கும்போதுதான் முகம் காட்டும்.

சந்தேகசாமி:
அப்பாவின் ரத்தம்தான் பிள்ளைக்கு என்று பெரியவர்கள் சொல்வார்களே, அது சும்மாவா?

நுண்ணோக்கி:
சும்மாதான். ஏபிஓ மரபணுவும் ஆர்எச் மரபணுவும் ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கும் பால் குரோமோசோமில் இல்லை. மகன், மகள் யாராக இருந்தாலும் இருவரிடமிருந்தும் ஆளுக்கொரு பிரதி. அம்மாவின் ரத்தம் பனிக்குடம் வழியாக ஓடி வருகிறது என்று நினைப்பவர்களும் உண்டு, அதுவும் தவறு. நஞ்சுக்கொடியில் இரண்டு ரத்தமும் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன, கலப்பதில்லை. பிரசவத்தின்போது கொஞ்சம் கசிவது வேறு கதை.

சந்தேகசாமி:
சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். ஓ எப்போதும் ஒளிந்துகொள்கிறது, ஏயும் பியும் அதை மறைக்கின்றன என்கிறீர்கள். அப்படியானால் பலமானது ஜெயித்து, ஓ என்றைக்கோ அழிந்திருக்க வேண்டுமே? உலகத்தில் அதிகம் பேருக்கு இருப்பது ஓதான் என்று படித்தேன். எங்கேயோ உதைக்கிறது.

கணக்குப்புள்ளி:
இந்தக் கேள்விக்காகத்தான் உள்ளே வந்தேன். சந்தேகசாமி, நூறு வருடத்துக்கு முன்னால் பெரிய தலைகளையே குழப்பிய கேள்வி இது.

மறைப்பது வேறு, பெருகுவது வேறு. ஏ, ஓவை மறைக்கிறதே தவிர அழிப்பதில்லை. ஏ-ஓ ஆள் தன் பிள்ளைக்குக் கொடுக்கும்போது ஏயும் ஓவும் சம வாய்ப்போடு போகின்றன. வெளியே எது தெரிகிறது என்பதற்கும் எது அடுத்த தலைமுறைக்குப் போகிறது என்பதற்கும் தொடர்பே இல்லை. வேறு அழுத்தம் ஏதும் இல்லையென்றால் மரபணுக்களின் விகிதம் தலைமுறை தோறும் அப்படியே நிற்கும். 1908இல் ஹார்டி என்ற கணித மேதை இதை நாலு வரியில் காட்டினார். தன் துறைக்கு இது ரொம்ப அற்பமான கணக்கு என்று அவருக்கே கூச்சம்.

இனி ரத்த வகைக்கு வருவோம். லாண்ட்ஸ்டைனர் வியன்னாவில் 1901இல் ரத்த வகைகளை விவரித்தார். அவை பரம்பரையாக வருகின்றன என்று 1910இல் வான் டுங்கெர்னும் ஹிர்ஸ்பெல்டும் காட்டினார்கள். ஆனால் அவர்கள் எடுத்துக்கொண்ட மாதிரி வேறு. ஏ இருக்கிறதா இல்லையா என்பதற்கு ஒரு மரபணு, பி இருக்கிறதா இல்லையா என்பதற்கு இன்னொரு மரபணு, இரண்டும் தனித்தனி. கேட்டால் நியாயமாகத்தான் படும். பதினைந்து வருடம் பலர் அதையே நம்பினார்கள்.

1924இல் ஃபெலிக்ஸ் பெர்ன்ஸ்டைன் என்ற கணிதப் பேராசிரியர் வந்தார். ஒரு குடும்பத்தையும் பரிசோதிக்காமல், மக்கள்தொகை எண்களை மட்டும் வைத்துக்கொண்டு அந்த மாதிரியை உடைத்தார். எப்படி என்று காட்டுகிறேன், பேப்பர் எடுத்துக்கொள்ளுங்கள்.

கற்பனையாக ஒரு மக்கள்கூட்டம். அதில் மரபணுக்களில் 60 சதவீதம் ஓ, 20 ஏ, 20 பி. ஓ வகை ஆட்கள் எத்தனை? இரண்டு பிரதியும் ஓ, அதாவது 0.6 × 0.6 = 36 சதவீதம். ஏ வகை? ஏ-ஏ 4 சதவீதம், ஏ-ஓ 24, மொத்தம் 28. பியும் 28. ஏபி 8. கூட்டினால் 100.

பழைய மாதிரி சரியென்றால், ஏ உள்ளவர்களின் விகிதத்தையும் பி உள்ளவர்களின் விகிதத்தையும் பெருக்கினால் ஏபி விகிதம் வர வேண்டும். ஏ உள்ளவர்கள் ஏபியையும் சேர்த்து 36 சதவீதம். பி உள்ளவர்களும் 36. பெருக்கினால் கிட்டத்தட்ட 13 சதவீதம். ஆனால் இருப்பது 8தான். நிஜ எண்களிலும் ஏபிக்காரர்கள் பழைய மாதிரி சொன்னதைவிட எப்போதும் குறைவாகவே இருந்தார்கள். பெர்ன்ஸ்டைன் பிடித்தது அந்தப் பற்றாக்குறையைத்தான். ஒரே இடம், அதில் உட்காரக்கூடிய மூன்று வடிவங்கள் என்று வைத்தால் எண்கள் பொருந்திவிட்டன.

கீற்று கேட்டதையும் மேலே உள்ள எண்ணை வைத்தே பாருங்கள். ஏ வகை ஆட்கள் 28 பேரில் 24 பேர் ஓவைச் சுமப்பவர்கள். ஒளிந்திருக்கும் ஓக்கள்தான் பெரும்பான்மை! ஏ என்று ரிப்போர்ட் வாங்கியவர் ஏ-ஏ ஆக இருப்பதுதான் அபூர்வம்.

சந்தேகசாமி:
ஐயா, மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்ல ஆசைதான். ஆனால் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. பழைய மாதிரியில் குடும்பங்களைப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்காதா?

கணக்குப்புள்ளி:
நல்ல கேள்வி. இரண்டு மாதிரியும் பிரியும் இடம் ஒன்று இருக்கிறது. ஏபி ஆளும் ஓ ஆளும் மணந்தால், பழைய மாதிரியில் ஓ பிள்ளையும் ஏபி பிள்ளையும் பிறக்கலாம். பெர்ன்ஸ்டைன் மாதிரியில் ஏ அல்லது பி மட்டும், பெற்றோரின் வகை எந்தப் பிள்ளைக்கும் வராது. அன்றைக்குப் பழைய குடும்பப் பதிவுகளில் பொருந்தாத பிள்ளைகளும் இருந்தார்கள். பரிசோதனைப் பிழை, அப்பா யார் என்ற பிழை இரண்டும் கலந்து கிடந்ததால் குடும்பத்தை வைத்து யாரும் அடித்துச் சொல்ல முடியவில்லை.

வழிப்போக்கன்:
பொறுங்கள், பொறுங்கள். எனக்குத் தெரிந்த குடும்பத்தில் அப்பா ஏபி, அம்மா ஓ, பிள்ளை ஏபி. நீங்கள் நடக்காது என்பது நடந்திருக்கிறது. அந்த அம்மாவே அல்லவா பெற்றெடுத்தார்? சந்தேகத்துக்கு இடமே இல்லை.

நுண்ணோக்கி:
அதனால்தான் அடியில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். கட்டம் போட்டுப் படித்தால் பரீட்சைக்குப் போதும், விதிவிலக்குக்குப் போதாது.

ஏபிஓ மரபணு ஏயையோ பியையோ நேரடியாகச் செய்வதில்லை. ஒரு நொதியை (என்சைம்) செய்கிறது. சிவப்பணுவின் மேல் சர்க்கரைச் சங்கிலி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது, அதன் பெயர் எச். ஏ நொதி அதன் நுனியில் ஒரு வகைச் சர்க்கரையை ஒட்டும், பி நொதி வேறொன்றை ஒட்டும். இரண்டு நொதிக்கும் நடுவே முக்கியமாக நாலே நாலு அமினோ அமிலம்தான் வித்தியாசம். ஓ மரபணுவின் பொதுவான வடிவத்தில் ஒரே ஒரு எழுத்து விடுபட்டிருக்கிறது. அதற்கு அப்புறம் வாசிப்பு முழுவதும் தடம் மாறி, நொதி பாதியிலேயே நின்றுவிடுகிறது. எச் மொட்டையாகவே இருக்கும். 1990இல் யமமோட்டோ குழுவினர் இதைக் கண்டுபிடித்தார்கள். ஓ ஏன் ஒதுங்கி நிற்கிறது என்பது இப்போது புரியும். அது தோற்றுப்போவதில்லை, வேலைக்கே வருவதில்லை. பக்கத்துப் பிரதி ஒன்று வேலை செய்தாலே சர்க்கரை ஒட்டப்பட்டுவிடும்.

இப்போது வழிப்போக்கன் சொன்ன குடும்பம். ஒரே மரபணுவில் அந்த நாலு இடங்களும் கலந்து அமைந்துவிட்டால், ஒரே நொதி ஏ சர்க்கரையையும் ஒட்டும், பி சர்க்கரையையும் ஒட்டும். சிஸ்-ஏபி என்பார்கள். 1964இல் போலந்தில் ஒரு குடும்பத்தில் பதிவானது, கொரியாவிலும் ஜப்பானிலும் ஓரளவு தென்படுகிறது. அந்த அப்பாவிடம் ஒரு பிரதி சிஸ்-ஏபி, மறு பிரதி ஓ. பிள்ளைக்கு முதலாவது போனால் ஏபி, இரண்டாவது போனால் ஓ. பெர்ன்ஸ்டைன் தப்பில்லை. அந்த ஒரு பிரதி இரண்டு வேலை செய்கிறது, அவ்வளவுதான்.

குருதிக்கூடம்:
இதோடு பம்பாய் வகையையும் சொல்லிவிட வேண்டும், எங்களுக்கு அதுதான் தலைவலி.

சுவர் இருந்தால்தானே சித்திரம். எச் என்ற சுவரைக் கட்டும் மரபணு 19ஆம் குரோமோசோமில் இருக்கிறது. சிலருக்கு அதன் இரண்டு பிரதியும் வேலை செய்யாது. உள்ளே ஏ மரபணு நல்ல நிலையில் இருந்தாலும் ஒட்ட இடமில்லை. சாதாரண சோதனையில் ஓ என்றே வரும். இவர் பிள்ளைக்கு அந்த ஏயைக் கொடுப்பார், மற்ற பெற்றோரிடமிருந்து நல்ல எச் வந்துவிடும், பிள்ளை ஏ வகையாக நிற்கும். "ஓ" அம்மாவுக்கும் பி அப்பாவுக்கும் ஏ பிள்ளை! இந்த வகையை 1952இல் பெண்டேயும் உடன் பணியாற்றியவர்களும் பம்பாயில் கண்டறிந்தார்கள், ஊர்ப் பெயரே நிலைத்துவிட்டது. இந்தியாவில் சுமார் 10,000 பேரில் ஒருவர் என்பார்கள், ஐரோப்பாவில் மிக மிக அரிது.

இது வம்சாவளிப் புதிர் மட்டும் இல்லை. இவர்களின் பிளாஸ்மாவில் எச்சுக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கும். ஓ ரத்தத்தில்தான் எச் மிக அதிகம். "ஓ யாருக்கும் கொடுக்கலாம்" என்று நம்பி ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. இன்னொரு பம்பாய் வகைக்காரர்தான் கொடுக்க வேண்டும்.

எப்படிப் பிடிப்போம் என்றால், இரண்டு பக்கமும் பார்ப்போம். உங்கள் செல்லோடு நீல நிற ஆன்டி-ஏ, மஞ்சள் நிற ஆன்டி-பி சேர்த்து, செல்கள் திரண்டு கட்டுகின்றனவா என்று பார்ப்பது முன்பக்கம். உங்கள் பிளாஸ்மாவோடு தெரிந்த ஏ செல், பி செல், ஓ செல் சேர்த்துப் பார்ப்பது பின்பக்கம், ரிவர்ஸ் குரூப்பிங். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். ஓ செல்லோடும் கட்டினால் காது நிமிர்ந்துவிடும். முகாமில் ஸ்லைடில் மட்டும் பார்த்துக் கொடுக்கும் அட்டையில் இந்தப் பின்பக்கம் இருக்காது. கீற்று, ஒரு ரத்த வங்கியில் டியூப் முறையில் இரண்டு பக்கமும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். சந்தேகத்துக்காக இல்லை, ஓ நெகட்டிவ் என்று உறுதியாகத் தெரிந்திருப்பது உங்களுக்கே நல்லது.

கீற்று:
பார்த்துவிட்டேன் சார், அதேதான், ஓ நெகட்டிவ். கணக்குப்புள்ளி ஐயாவின் கணக்கை அப்பாவிடம் எழுதிக் காட்டினேன். அவர் சித்திக்குப் போன் போட்டு வகுப்பே எடுத்துவிட்டார்.

சந்தேகசாமி:
நான் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்: இதை வைத்து அப்பா யார் என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க முடியுமா?

குருதிக்கூடம்:
நிரூபிக்க முடியாது. விலக்க மட்டும் முடியும், அதுவும் மேலே சொன்ன விதிவிலக்குகளைத் தாண்டிய பிறகு. பொருந்தினால் "இவராக இருக்கலாம்" என்று அர்த்தம், அதே வகையுள்ள லட்சக்கணக்கானவர்களும் இருக்கலாம்.

சார்லி சாப்ளின் வழக்கு தெரியுமா? குழந்தை பி, தாய் ஏ, சாப்ளின் ஓ. குழந்தையின் பி தாயிடமிருந்து வரவில்லை, அப்பாவிடமிருந்து வந்திருக்க வேண்டும், சாப்ளினிடம் பி இல்லை. மருத்துவர்கள் அவர் இல்லை என்றே சொன்னார்கள். ஆனாலும் 1945இல் ஜூரி அவரைத்தான் தந்தை என்றது. கலிபோர்னியா சட்டம் அன்று ரத்தப் பரிசோதனையை இறுதிச் சான்றாக ஏற்கவில்லை. பின்னாளில் சட்டம் மாறியது. இன்றைக்கு டிஎன்ஏ இருக்கும்போது ரத்த வகையை வைத்து ஒரு குடும்பத்தில் குண்டு போடுவது அநியாயம். பிறந்த குழந்தைக்கு எடுத்த ரிப்போர்ட்டை வைத்து என்றால் இன்னும் அநியாயம். அந்த வயதில் ஏ, பி இரண்டும் மங்கலாகவே இருக்கும், சொந்த ஆன்டிபாடி உருவாகச் சில மாதங்கள் ஆகும் என்பதால் ரிவர்ஸ் குரூப்பிங்கும் உதவாது.

தூறல்:
இழையின் திசையை மாற்றுகிறேன், மன்னியுங்கள். நான் ஏ நெகட்டிவ், கணவர் ஓ பாசிட்டிவ், இது மூன்றாம் மாதம். வகை பொருந்தாத ஜோடி என்று ஒருவர் பயமுறுத்துகிறார். ஒரே வகையாக இருந்தாலும் ஆபத்து என்கிறார் இன்னொருவர். யாரை நம்புவது?

குருதிக்கூடம்:
இருவரையும் நம்ப வேண்டாம் தங்கச்சி. கணவன் மனைவி ஒரே வகையாக இருப்பதால் ஒரு கெடுதலும் இல்லை. ஏ, ஓ வித்தியாசம் உங்கள் விஷயத்தில் பொருட்டில்லை. (தாய் ஓ, பிள்ளை ஏ அல்லது பி என்றால் பிறந்த பிறகு மஞ்சள் காமாலை வரலாம், பெரும்பாலும் லேசானது, விளக்கு சிகிச்சையில் போய்விடும்.)

கவனிக்க வேண்டியது நீங்கள் நெகட்டிவ், அவர் பாசிட்டிவ் என்பதை மட்டும். அவரிடம் இரண்டு பிரதியிலும் டி இருந்தால் பிள்ளை நிச்சயம் பாசிட்டிவ். ஒன்றில் மட்டும் இருந்தால் பாதிக்குப் பாதி. பாசிட்டிவ் பிள்ளையின் ரத்தம் பிரசவத்தில் கொஞ்சம் உங்களுக்குள் கசிந்தால், உங்கள் உடம்பு டிக்கு எதிரான ஆன்டிபாடி செய்யக் கற்றுக்கொள்ளும். முதல் பிள்ளை பெரும்பாலும் தப்பிவிடும், அடுத்த பாசிட்டிவ் பிள்ளையின் சிவப்பணுக்களை அது தாக்கும். ஒரு காலத்தில் இதில் பல குழந்தைகள் இறந்தன. 1968இல் ஆன்டி-டி ஊசி வந்த பிறகு நிலைமை தலைகீழ். வழக்கமாக 28ஆம் வாரத்தில் ஒன்று, பிள்ளை பாசிட்டிவ் என்றால் பிறந்த 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. இடையில் ரத்தப்போக்கோ கருக்கலைவோ நேர்ந்தால் அப்போதும் போட வேண்டும். அந்த ஆன்டிபாடி உங்கள் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் மறைமுக கூம்ஸ் சோதனை எப்போது என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள், அவரே சொல்வார்.

தூறல்:
முதல் சந்திப்பிலேயே கூம்ஸ் எடுத்திருக்கிறார்கள், நெகட்டிவ் என்று இருக்கிறது. அதுவும் என் வகை என்றல்லவா நினைத்தேன்! 28ஆம் வாரத்தைக் குறித்துக்கொண்டேன் அண்ணா.

வழிப்போக்கன்:
கடைசியாக ஒன்று. எலும்பு மஜ்ஜை மாற்றினால் ரத்த வகையே மாறிவிடும் என்கிறார்கள். ஏ வகை ஆளுக்கு ஓ வகையாளரின் மஜ்ஜை வைத்தால் அவர் ஓ ஆகிவிடுவாராம். அப்புறம் பிறக்கும் பிள்ளைக்கு எது போகும்?

நுண்ணோக்கி:
பழையதுதான். மாறியது ரத்தம் செய்யும் செல்கள் மட்டும். விந்தணுவும் கருமுட்டையும் அவரவர் சொந்த மரபணுவோடுதான் இருக்கின்றன. அந்தச் சிகிச்சையின் மருந்துகள் குழந்தை பெறும் திறனைப் பாதிக்கலாம் என்பதால் பலர் முன்னதாகவே விந்தணுவையோ கருமுட்டையையோ உறைய வைத்துக்கொள்கிறார்கள். எப்படியும் அவர் மனைவி ஓ என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஓ ரிப்போர்ட், பிறந்தது ஏ பிள்ளை. எல்லாமே சரிதான்.